ஏரித் தவளை தீவுக்குப் போனால்

வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, தண்டையார்ப்பேட்டை

சென்ற இதழில் மாதவரம் ஏரிக்கரைத் தவளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தீவுகளைப் பற்றிக் கேட்கின்றன. வடசென்னை வாசகர்கள் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. அந்தமான் கப்பலேறிப் போன உறவினர் ஒருவராவது இல்லாத தெரு ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குறைவு. ஆகவே இந்த மாதம் முழுவதையும் தீவுத் தவளைகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

டீச்சர், என் தம்பி வட அந்தமானில் விவசாயம் செய்கிறான். நம் ஊரில் மழைக்குக் கத்தும் பெரிய மஞ்சள் தவளை இப்போது அங்கேயும் பெருகிவிட்டதாம். கோழிக்குஞ்சைக்கூட விழுங்குகிறது என்கிறான். தவளை கோழிக்குஞ்சைத் தின்னுமா? நம் தவளை அங்கே எப்படிப் போனது?
எஸ்.கே., ராயபுரம்

தின்னும் ஐயா. உங்கள் தம்பி மிகைப்படுத்தவில்லை. அவர் பார்த்தது நம் ஏரிகளில் வாழும் இந்தியப் பெருந்தவளை. நன்றாக வளர்ந்தது 16 சென்டிமீட்டர் நீளம் வரை இருக்கும். எதிரே அசைவது வாய்க்குள் அடங்கும் என்றால் பாய்ந்துவிடும். வண்டா, நண்டா, சுண்டெலியா, இன்னொரு தவளையா என்றெல்லாம் பார்க்காது. அந்தமானில் பிடிபட்ட பெருந்தவளைகளின் இரைப்பைகளை நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீசி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தின்ற இரையின் கன அளவில் பெரும்பகுதி முதுகெலும்புள்ள உயிர்களாகவே இருந்தது. கோழிக்குஞ்சும் வளர்ப்பு மீனும் பறிபோவதாகத் தீவு மக்களும் அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அது போன வழி மீன் குஞ்சுப் பை. குளத்தில் வளர்ப்பதற்காக நம் நாட்டுக் கரையிலிருந்து மீன் குஞ்சுகளை ஆக்சிஜன் ஏற்றிய பாலித்தீன் பைகளில் அனுப்புவார்கள். அந்தக் கலங்கல் நீரில் நான்கு தலைப்பிரட்டைகள் கலந்திருந்தால் யார் கவனிப்பார்கள்? அதே ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய், 'இந்தத் தவளையை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?' என்று மக்களைக் கேட்டே அதன் பரவலை வரைந்தார்கள். ஏறக்குறைய 2009-இலிருந்து பரவல் வேகம் பிடித்திருக்கிறது. மனிதர் வாழும் எட்டுத் தீவுகளில் விசாரித்ததில் ஆறில் அது குடியேறிவிட்டிருந்தது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு, தெரிந்தும் தெரியாமலும் மனிதர்களே கொண்டுபோயிருக்கிறார்கள்.

கோழிக்குஞ்சைவிட என்னை வருத்துவது வேறொன்று. பெருந்தவளையின் தலைப்பிரட்டையை நீங்கள் அருகில் பார்த்திருக்கிறீர்களா? முதல் கனமழை நின்ற மறுவாரம் புழல் பக்கம் வயலோரப் பள்ளத்தில் சிறிது நீரை மொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பாருங்கள். மற்ற தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டியபடி அடியில் கிடக்கும். இது நீரின் நடுவே அசையாமல் நின்று நோட்டமிடும். திடீரென்று வாலை ஒரு வெட்டு வெட்டிப் பாய்ந்து, பக்கத்தில் போகிறதன் வயிற்றைக் கவ்வும். பிடித்ததை விடாது. அதன் தாடை கறுத்து, தடித்து, கொம்புப் பொருளால் ஆனது. வேறு இரை இல்லாவிட்டால் உடன்பிறந்ததையே தின்னும். என் மாணவிகள் இதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள்; நான் தட்டை எடுக்கவிட மாட்டேன். பார்க்க வேண்டிய காட்சி அது.

இப்போது அந்தமானின் குறுவாய்த் தவளைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் தலைப்பிரட்டைகளுக்குக் கடிக்கும் அலகே கிடையாது. நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்துகளை வடிகட்டித் தின்று வளர்பவை. மொஹந்தியும் மீசியும் அந்த மண்ணுக்குரிய இரண்டு இனங்களின் தலைப்பிரட்டைகளைப் பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளோடு தொட்டிகளில் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். பெருந்தவளை இருந்த தொட்டிகளில் உள்ளூர் இனத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நம் ஊரில் மட்டும் ஏன் இப்படி ஆகவில்லை? இங்கே அதன் முட்டைக்கும் குஞ்சுக்கும் காலங்காலமாக எதிரிகள் இருக்கிறார்கள். விரால் தின்கிறது, கொக்கு கொத்துகிறது, நீர்க்கோலி விழுங்குகிறது, வெயில் பள்ளத்தைக் காயவைக்கிறது. அதனோடு சேர்ந்தே வளர்ந்த மற்றத் தவளைகளும் பிழைக்கும் வழியைக் கற்றிருக்கின்றன. புழலில் அது ஊர்க்காரன். அந்தமானில் அழைக்காமல் அழைத்துச் செல்லப்பட்டவன். தவளை மாறவில்லை, அதைச் சுமந்துபோய்ச் சேர்த்த இடம்தான் மாறியிருக்கிறது.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். வாங்கிவரும் மீன் குஞ்சுகளை நேராகக் குளத்தில் கொட்ட வேண்டாம். வெளிர் நிறத் தொட்டியில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்தால் தலைப்பிரட்டை தனியாகத் தெரியும்: உருண்டைத் தலை, நீண்ட வால், பக்கத் துடுப்பு இல்லை. அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வீட்டருகே தற்காலிகமாகத் தேங்கும் பள்ளங்களை வடித்துவிடுவது நல்லது, அவற்றில்தான் இது முட்டையிட விரும்புகிறது. இதுவரை பரவாத தீவு ஒன்றில் ஒரே ஒரு தவளையைப் பார்த்தாலும் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒன்றாக இருக்கும்போது பிடித்துவிடலாம். ஆயிரமான பிறகு பிடிக்க முடியாது.

தவளைக்கு நன்றாக நீந்தத் தெரியுமே, அது கடலில் நீந்தித் தீவுக்குப் போகாதா?
ஐந்தாம் வகுப்பு மாணவி, காசிமேடு

போகாது கண்ணு. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் குடிக்கிறது. அந்த மெல்லிய தோலில் கடல்நீர் பட்டால், உடம்புக்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். உங்கள் வீட்டில் மீனுக்கு உப்புத் தடவிக் கருவாடு போடும்போது நீர் கசிகிறது அல்லவா, அதே வேலைதான். நண்டு தின்னும் தவளை என்று ஒன்று இருக்கிறது. அந்தமான், நிக்கோபார் சதுப்புகளில் அதைப் பார்க்கலாம். உடம்பில் யூரியாவைச் சேர்த்துவைத்துக்கொண்டு ஓரளவு உப்பைத் தாங்கும். மற்றவற்றில் பெரும்பாலானவற்றால் முடியாது.

பெருங்கடலின் நடுவே எரிமலையால் உண்டான தீவுகளில் பெரும்பாலும் தவளையே இல்லாதது இதனால்தான். சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட தம் நூலிலேயே இதைக் குறித்திருக்கிறார். ஹவாயில் ஒரு தவளைகூட இயற்கையாக இல்லை, மொரீஷியஸிலும் இல்லை. ஆனால் சீஷெல்ஸ் தீவுகளில் உண்டு. அங்கே தவளை கடல் தாண்டிப் போகவில்லை, தரையே பிரிந்துபோனது. ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவிலிருந்து உடைந்த துண்டு அது. அதன்மேல் உட்கார்ந்திருந்த தவளைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்கு மட்டும் வெளியே வரும் ஊதாத் தவளை. 2003-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையிலிருந்து இன்னொரு இனத்தையும் கண்டுபிடித்தார்கள். ஒரே குடும்பத்துக் கிளைகள் நடுவே இவ்வளவு பெரிய கடல்!

எங்கள் வீட்டு வாசலில் தினமும் தேரை உட்காருகிறது. யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. இதே தேரையால் மடகாஸ்கர் தீவே அஞ்சுவதாகச் செய்தியில் படித்தேன். ஏன் இந்த அச்சம்?
ப.மு., கொருக்குப்பேட்டை

வாசல் விளக்கின் கீழ் உட்காரும் அந்தத் தேரையைச் சற்றுக் குனிந்து பாருங்கள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு வரம்பு ஓடும், விரல் நுனிகள் கறுத்திருக்கும், கண்ணுக்குப் பின்னால் நீண்ட மேடு ஒன்று புடைத்திருக்கும். அந்த மேடுதான் நஞ்சுப்பை. யாராவது கவ்வி அழுத்தினால் அதிலிருந்து பால் போன்ற நஞ்சு கசியும். இதயத் தசையின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே சேர்க்கும் ஒரு புரதம் உண்டு. இந்த நஞ்சு அதைப் போய் அடைத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடும்.

நம் நாட்டில் தேரையை விழுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும் பாம்புகள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தேரையோடு வாழ்ந்ததில் அவற்றின் புரதம் சற்று மாறி, நஞ்சு ஒட்ட முடியாதபடி ஆகிவிட்டது. மடகாஸ்கரில் தேரைக் குடும்பமே இயற்கையில் கிடையாது. 300-க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு, ஏறத்தாழ எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் ஒரு தேரைகூட இல்லை. ஆகவே அங்குள்ள பாம்புக்கும் பறவைக்கும் இந்த நஞ்சு பழக்கமில்லை. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தேரையைத் தின்னக்கூடிய 77 இன விலங்குகளின் மரபணுவைப் பார்த்தது. நஞ்சைத் தாங்கும் மாற்றம் ஒரே ஓர் எலியினத்திடம் மட்டும் இருந்தது. மற்ற 76-க்கும் பாதுகாப்பில்லை.

தேரை அங்கே இறங்கிய இடம் தோவாமசினா துறைமுகம். உலகுக்குச் செய்தி தெரிந்தது 2014-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கப்பல் சரக்கோடு வந்திருக்க வேண்டும். தென்கிழக்கு ஆசியத் தேரைகளின் வழி வந்தவை என்று மரபணு சொல்கிறது. நம் துறைமுகத்திலிருந்து போகவில்லை என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. என் கணவர் சென்னைத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதியவர். கன்டெய்னர் அடியில் மழைநீர் தேங்கும் பள்ளத்திலும், மரப்பலகை அடுக்கின் இடுக்கிலும் தேரை உட்கார்ந்திருப்பதை அவர் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஈரமும் இருட்டும் கிடைத்தால் தேரைக்குப் போதும், அப்படியே பல நாள் கிடக்கும். எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலும் பெட்டிகள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. பெட்டியை ஏற்றும் முன் அடிப்பக்கத்தைக் கழுவி ஒரு டார்ச் விளக்கு அடித்துப் பார்ப்பது, தீவு ஒன்றின் பாம்புகளையும் பறவைகளையும் காப்பாற்றும் வேலை. அந்த வேலையில் இருக்கும் வாசகர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேரையைத் தொட்டால் மரு வருமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வராது அம்மா. மருவுக்குக் காரணம் ஒரு வைரஸ், அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். தேரையைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். அது போதும்.

எங்கள் காலி மனையில் மழைநீர் தேங்கி, இரவெல்லாம் தவளைச் சத்தம். தூக்கமே இல்லை. பினாயில் ஊற்றினால் போய்விடும் என்கிறார்கள். ஊற்றலாமா?
வி.ஆர்., மாதவரம்

ஊற்றாதீர்கள் ஐயா, கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பினாயில் தவளையை விரட்டாது, தோல் வழியாக உள்ளே போய்க் கொன்றுவிடும். தலைப்பிரட்டை, தட்டான் குஞ்சு எல்லாம் சாகும். பிறகு அந்தப் பள்ளத்தில் மீண்டும் நீர் சேரும்போது முதலில் வருவது கொசுவாகத்தான் இருக்கும்.

உங்கள் மனையில் கத்துபவை அந்த மண்ணின் சொந்தக்காரர்கள். வீடு வருவதற்கு முன் அது ஏரியின் வாய்க்காலோ வயலோ ஆக இருந்திருக்கும். பெருமழைக்குப் பின் சில இரவுகள் ஆண் தவளைகள் இணையைக் கூப்பிடும். பெருந்தவளை ஆண் அந்த நாட்களில் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தாடையின் இரு பக்கமும் நீலப்பை இரண்டை ஊதி ஊதிக் கத்தும். முட்டையிட்டு முடித்ததும் ஓய்ந்துவிடும். ஒரு டார்ச்சோடு போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சத்தத்தின் சொந்தக்காரனைப் பார்த்தபின் கோபம் சற்றுக் குறையும் என்பது என் அனுபவம்.

ஓயாத சத்தம் எப்படி இருக்கும் என்பதை ஹவாய்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். போர்ட்டோ ரிக்கோ தீவில் கோக்கி என்றொரு சிறு தவளை உண்டு. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் குரலைக் கேட்டுத்தான் அந்தத் தீவின் குழந்தைகள் தூங்குகிறார்கள், பாட்டிலும் படத்திலும் அதை வைத்துக் கொண்டாடுகிறார்கள். 1980-களின் பிற்பகுதியில் நர்சரிச் செடிகளோடு அது ஹவாய்க்குப் போய்விட்டது. அருகிலிருந்து அளந்தால் 90 டெசிபல் வரை எட்டும் குரல். அதைத் தின்னப் பாம்பும் அங்கே கிடையாது. இதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை, முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வந்துவிடும். குளம் தேவையில்லை, ஒரு பூந்தொட்டியின் ஈரம் போதும். சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்து அழிக்கப் பார்க்கிறார்கள், ஹவாய்த் தீவுகளிலேயே பெரியதான தீவில் முடியவில்லை. ஒரு தீவில் தாலாட்டாக இருக்கும் அதே குரல், இன்னொரு தீவில் ஆண்டு முழுவதும் தீராத தொல்லை.

வெளியிலிருந்து வந்த தவளை என்றாலே கெட்டதுதானா டீச்சர்? எல்லாவற்றையும் கொன்றுவிட வேண்டுமா?
கல்லூரி மாணவர், வியாசர்பாடி

நல்ல கேள்வி தம்பி. கொல்வதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானமாகவே பேச வேண்டும். நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே மண்ணுக்குரியவை மூன்று இனங்கள், மிகப் பழமையான குடும்பம். கத்தத் தெரியாதவை என்றே சொல்லலாம். ஹாமில்டன் தவளை என்பதில் குஞ்சுகள் முட்டையிலிருந்து வாலோடு வெளிவந்து தகப்பன் முதுகில் ஏறிக்கொண்டு வளரும். இவற்றை அழித்தவற்றில் பெரும்பங்கு, கப்பலில் வந்த எலிகளுக்கும் காடு வெட்டியதற்கும் உண்டு.

19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் விட்ட மூன்று இனங்களும் அங்கே நிலைத்துவிட்டன. அவற்றில் இரண்டு, தம் தாயகமான ஆஸ்திரேலியாவில் இப்போது அழியும் ஆபத்தில் இருக்கின்றன! பிறந்த வீட்டில் மறைந்துவரும் இனம், புகுந்த வீட்டில் செழிக்கிறது. இதை என்ன செய்வது? கொன்றுவிடு என்று என் வாயில் எளிதாக வராது. அந்தமானில் பெருந்தவளை வேறு கதை. அங்கே இழப்பு கண்ணுக்கு நேரே தெரிகிறது, தடுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் தனித்தனியாகப் பார்த்து, எந்த உள்ளூர் உயிர் எதை இழக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். தவளை மேல் வெறுப்பு வேண்டியதில்லை. அது டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறவில்லை.

தீவுத் தவளைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?
ஜே.டி., திருவொற்றியூர்

சீஷெல்ஸில் கார்டினர் தவளை என்று ஒன்று, நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு நடுச்செவியே கிடையாது. வாயின் உட்குழியால் ஒலியைப் பெருக்கிக் கேட்கிறது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் பிடிக்கும்.

ஆனால் முதலிடம் அந்தமானின் சார்லஸ் டார்வின் தவளைக்குத்தான். மரப்பொந்துகளில் தேங்கும் மழைநீரில் குடும்பம் நடத்தும் சிறு தவளை அது. இணை சேரும் ஜோடி, பொந்தின் உட்சுவரில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, உடம்பு நீருக்கு வெளியே இருக்கும்படி நின்று, முட்டைகளைச் சுவரில் ஒட்டும். பொரிந்த குஞ்சுகள் கீழே நீரில் விழும். மற்ற ஆண்கள் வந்து அந்த ஜோடியைக் கடித்துப் பிரிக்கப் பார்க்கும், பெரிய சண்டையே நடக்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜுவும் குழுவினரும் இதை 2024-இல் வெளியிட்டார்கள். இந்தத் தவளை இப்போது நாற்றங்கால் பிளாஸ்டிக் பைகளிலும் வீசியெறிந்த டப்பாக்களிலும்கூட முட்டையிடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பொந்துள்ள முதுமரங்கள் குறைந்தால் அது வேறெங்கே போகும்? ஒரு தகர டப்பாவின் உட்சுவரில் தலைகீழாகத் தொற்றி நிற்கும் அந்த ஜோடியின் படத்தைப் பார்த்தபோது என் மனம் கலங்கிவிட்டது.

எங்கள் பகுதியில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. வெளியூர்களிலிருந்து நிறையத் தவளைகளைப் பிடித்துவந்து கால்வாயில் விடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேசினோம். உங்கள் கருத்து?
செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், கொடுங்கையூர்

வேண்டாம் ஐயா. இப்படி நினைத்துத்தான் உலகில் பாதிக் கேடு நடந்திருக்கிறது. மொரீஷியஸில் 1922-இல் கரும்பு வண்டை ஒழிப்பதற்காகத் தென்னாப்பிரிக்கத் தேரையைக் கொண்டுவந்தார்கள். 1927-இல் அங்கிருந்து பக்கத்து ரீயூனியன் தீவுக்கும் போனது. நூறு ஆண்டுக்குள் மொரீஷியஸில் பெண் தேரைகளின் அளவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. உடம்பு சுருங்கியதே தவிர எண்ணிக்கை சுருங்கவில்லை. கரும்புத் தேரை என்ற அமெரிக்க இனத்தை 1932-இல் ஹவாய்க்கும், அங்கிருந்து 1935-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். வண்டு கரும்பின் உச்சியில், தேரை தரையில். வண்டு பிழைத்துக்கொண்டது. தேரையைத் தின்ற உள்ளூர் விலங்குகள் இறந்தன, இன்னும் இறந்துகொண்டிருக்கின்றன.

உங்கள் பகுதிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மலேரியா பரப்பும் கொசு நம் நகரத்தில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்கிறது. டெங்கு பரப்புவது பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் வளர்கிறது. எந்தத் தவளை மூன்றாவது மாடித் தொட்டிக்கு ஏறும்? யானைக்கால் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்கிறது. அந்தச் சாக்கடை நீரில் தவளை விட்டால் இரண்டு நாளில் செத்து மிதக்கும். வளர்ந்த தவளை கொசுவைத் தேடித் தின்பதும் இல்லை, அது பெரிய இரையைப் பார்க்கும். கூட்டத்தில் ஒதுக்கிய பணத்தைத் தொட்டிகளுக்கு மூடியும் வலையும் வாங்கச் செலவிடுங்கள். கால்வாயில் குப்பை அடைப்பை எடுக்க மாநகராட்சியை விடாமல் கேளுங்கள். வாரம் ஒரு நாள் வீடு வீடாகப் போய்த் தேங்கிய நீரைக் கொட்டச் சொல்ல, பள்ளிப் பிள்ளைகளே போதும்.

ஒரு கடையில் மகனுக்காக வெள்ளைத் தவளை ஒன்று வாங்கினோம். மீன் தொட்டியிலேயே வாழ்கிறது, கூட இருந்த மீன்களை எல்லாம் தின்றுவிட்டது. வளர்க்க முடியவில்லை. பாவம் என்று ரெட்டேரியில் விட்டுவிடலாமா?
ஆர்.எஸ்., கொளத்தூர்

கடிதத்தோடு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். பின்னங்காலில் மூன்று விரல்களில் கறுத்த நகம், இமையில்லாத சிறு கண் மேல்நோக்கி இருக்கிறது. இது ஆப்பிரிக்க நகத்தவளை, வெள்ளை நிறம் வளர்ப்பில் தேர்ந்தெடுத்து வந்தது. நாக்கு இல்லாததால் இரையைக் கையால் வாய்க்குள் தள்ளும். வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும், 15 ஆண்டு வரை எளிதாக வாழும்.

இதன் கதை விந்தையானது. 1930-களில், பெண்ணின் சிறுநீரை இந்தத் தவளைக்கு ஊசியாகப் போட்டால், அவர் கருவுற்றிருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்று கண்டுபிடித்தார்கள். உலகெங்கும் மருத்துவமனைகளுக்கு ஏற்றுமதி ஆனது. வேறு சோதனைகள் வந்தபின் தேவை போயிற்று, பல இடங்களில் வெளியே விடப்பட்டது. இத்தாலியின் சிசிலித் தீவில் குளம் குளமாகப் பரவியிருக்கிறது.

அது மீனைத் தின்பதைவிடப் பெரிய ஆபத்து, அதன் தோலில் இருக்கக்கூடிய கைட்ரிட் என்ற பூஞ்சை. நகத்தவளைக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, சுமந்துகொண்டு திரியும். மற்றத் தவளைகளின் தோலில் பிடித்தால், உடம்பின் உப்புச் சமநிலை குலைந்து இதயம் நின்றுவிடும். கரீபியன் கடலின் டொமினிக்கா தீவில் 'மலைக்கோழி' என்று மக்கள் விரும்பிச் சமைத்த பெரிய தவளை இனம் ஒன்று இருந்தது. 2002-இல் இந்தப் பூஞ்சை அங்கே தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் அந்த இனம் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டது. 2009-இல் மான்ட்செராட் தீவிலும் அதே கதை நடந்தது. உங்கள் தவளைக்கு அந்தப் பூஞ்சை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருந்தால் வெளியே தெரியாது என்பதுதான் பிரச்சினை.

ஆகவே ரெட்டேரியிலும் விடாதீர்கள், ஓட்டேரி நாலாவிலும் விடாதீர்கள். தொட்டிக்குக் கனமான மூடி போடுங்கள், இது துள்ளி வெளியேறும். தொட்டி நீரை மாற்றும்போது ப்ளீச்சிங் பவுடர் கலந்து சிறிது நேரம் வைத்து, பிறகு வெயில் படும் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், கால்வாயில் வேண்டாம். அந்த வலையையும் குவளையையும் வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். முதலில் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் இதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். என் பழைய மாணவி ஒருத்தி கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கிறாள், அவளுடைய ஆய்வகத்தில் மூடிபோட்ட தொட்டி ஒன்று காலியாக இருக்கிறது. உங்கள் மகனையும் கூட அழைத்து வாருங்கள். அதற்கு எப்படித் தீனி வைப்பது என்று அவள் அவனுக்குக் காட்டுவாள்.